ஊதாங்குழலும் நீலச் சுடரும்

தருமபுரி மாவட்டத்தின் தென்பகுதியில், சேர்வராயன் மலைத்தொடருக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே அமைந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. சேலத்திலிருந்து அரூர் நோக்கிச் செல்வோர் மஞ்சவாடிக் கணவாயைக் கடந்து இறங்கினால் இவ்வட்டாரத்தை அடைவர். சேர்வராயன் மலையில் தோன்றும் வாணியாற்றின் குறுக்கே இங்கு ஓர் அணை கட்டப்பட்டிருக்கிறது. மலையும் காடும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில் நெடுங்காலம் அடுப்பெரித்தது விறகே. காட்டில் சுள்ளி பொறுக்கி, சுமையாகக் கட்டி, தலையில் ஏற்றிக் கொண்டு வருவது பெண்களின் அன்றாட வேலையாக இருந்தது. அந்த விறகில் வெந்தது கேழ்வரகுக் களி. கொதிக்கும் உலையில் மாவைக் கொட்டித் துடுப்பால் இடைவிடாது கிண்டும் அந்த வேலையில், கைக்கு வலியும் கண்ணுக்குப் புகையும் சேர்ந்தே வந்தன.

இன்று அவ்வூர் வீடுகளிலும், தமிழ்நாட்டின் ஏனைய சிற்றூர்களைப் போலவே, வாயு அடுப்பு இடம்பெற்றுவிட்டது. பொத்தானைத் திருப்பினால் நீல நிறச் சுடர் வட்டமாக மலர்கிறது. சாம்பல் இல்லை, கரி இல்லை, ஊதவும் வேண்டியதில்லை. ஆயினும் அச்சுடர் அங்கே வந்து சேர்வதற்கு இருநூறு ஆண்டு காலம் பல நாட்டு அறிஞரும் தொழிலாளரும் உழைத்தார்கள் என்பதையும், அவர்கள் கண்டறிந்த உண்மைகளே நம் அடுக்களையில் நாம் கைக்கொள்ள வேண்டிய விதிகளாக நிற்கின்றன என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வரலாற்றைத்தான் இப்போது காணப் போகிறோம்.

நம் முன்னோரின் அடுப்பு மிக எளியது. மூன்று கற்களை முக்கோணமாக வைத்தால் அடுப்பு. களிமண்ணால் வளைத்துக் கட்டி, பக்கத்தில் ஒரு துளை விட்டு, மீந்த அனலைக் கொடியடுப்புக்குச் செலுத்தினால் அது இன்னும் சிறந்த அடுப்பு. அடுப்பை வைத்தே ஒரு வீட்டின் நிலையை அளந்தார்கள் சங்கப் புலவர்கள். குமணனிடம் பரிசில் வேண்டிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், தம் வீட்டின் வறுமையைக் கூற வந்தபோது, சமைப்பதை மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் காட்டினார். புறநானூற்றின் 164ஆம் பாடல் அது. குறுந்தொகையின் 167ஆம் பாடலில், கணவனுக்காகச் சமைக்கும் இளம் மனைவியின் குவளை போன்ற கண்களில் தாளிப்பின் புகை படிகிறது. ஆக, அடுப்பும் புகையும் கண்ணும் தமிழிலக்கியத்தில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை.

அவ்வடுப்பின் அருகே எப்போதும் கிடந்த கருவி ஊதாங்குழல். அது செய்த வேலை என்ன? விறகு எரிவதாக நாம் சொல்கிறோம். உண்மையில், சூடேறிய விறகிலிருந்து முதலில் ஆவிகளும் வாயுக்களும் கிளம்புகின்றன. கொழுந்துவிட்டு எரிபவை அந்த வாயுக்களே. அவற்றுக்குப் போதிய காற்று கிடைத்தால் நன்கு எரியும். கிடைக்காவிட்டால் பாதி எரிந்தும் எரியாமலும் புகையாக வெளியேறும். புகை என்பது எரியாமல் வீணாகும் எரிபொருள் என்றால் மிகையன்று. ஊதாங்குழலால் ஊதும்போது, காற்றில் உள்ள பிராணவாயு நெருப்பின் நடுவே சென்று சேர்கிறது. புகை குறைந்து தழல் எழுகிறது. எனவே விறகடுப்பும் ஒரு வகையில் வாயு அடுப்பே. அடங்காத வாயு அடுப்பு என்று சொல்லலாம். இதே உண்மையை ஒரு சாதாரண மெழுகுவத்தியைக் கொண்டு 1860ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் நகரத்துச் சிறுவர்களுக்குத் தொடர் சொற்பொழிவுகளாக விளக்கிக் காட்டினார் மைக்கேல் பாரடே. மெழுகு உருகி, ஆவியாகி, அந்த ஆவி எரிவதே சுடர் என்பதை அவர் மெய்ப்பித்துக் காட்டினார்.

அப்படியானால், எரியும் வாயுவை மட்டும் தனியே பிரித்து, வேண்டிய இடத்துக்குக் கொண்டு சென்று எரிக்க முடியாதா? இந்த எண்ணத்தைச் செயலில் காட்டியவர் வில்லியம் மர்டாக் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். மூடிய கலத்தில் நிலக்கரியைச் சூடாக்கி, அதிலிருந்து வந்த வாயுவைக் குழாய் வழியே செலுத்தி, 1792ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்ரூத் ஊரில் தம் வீட்டை விளக்கேற்றினார். 1812இல் லண்டன் நகருக்கு வாயு வழங்க ஒரு கம்பெனி ஏற்பட்டது. நம் நாட்டில் 1857ஆம் ஆண்டு கல்கத்தாவின் தெருக்களில் வாயு விளக்குகள் எரிந்தன. விளக்குக்கு வந்த வாயுவைச் சமையலுக்கும் பயன்படுத்தலாம் என்று துணிந்தவர்களுள் முற்பட்டவர் ஜேம்ஸ் ஷார்ப். நார்தாம்ப்டன் நகரின் வாயுக் கம்பெனியில் பணியாற்றிய அவர், தம் வீட்டிலேயே வாயு அடுப்பு ஒன்றை அமைத்து, 1826இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பத்தாண்டுக்குப் பின் அடுப்புத் தொழிற்சாலையும் தொடங்கினார்.

ஆனால் அந்நாளைய வாயுச் சுடர் மஞ்சள் நிறமானது. விளக்குக்கு அது ஏற்றது, சமையலுக்கு ஏற்றதன்று. மஞ்சள் சுடரில் ஒளி தருபவை எரியாத கரித்துகள்கள். பாத்திரத்தின் குளிர்ந்த அடிப்பகுதியில் அத்துகள்கள் கரியாகப் படியும். விறகடுப்பில் இருந்த அதே குறை, வேறு உருவத்தில் வாயு அடுப்பிலும் நின்றது. நெருப்புக்குக் காற்றை எப்படிக் கொடுப்பது என்பதே மறுபடியும் கேள்வி.

இதற்கு விடை காண்பதில் இன்னொரு இடையூறும் இருந்தது. வாயுவையும் காற்றையும் முன்கூட்டியே கலந்து வைத்தால், அக்கலவை முழுவதும் ஒரே கணத்தில் வெடித்துவிடக்கூடும். நிலக்கரிச் சுரங்கங்களில் அந்தக் கொடுமை அடிக்கடி நிகழ்ந்தது. 1812ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெல்லிங் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். சுரங்கத்தில் அச்சமின்றி எடுத்துச் செல்லத்தக்க விளக்கொன்றை அமைக்குமாறு ஹம்ப்ரி டேவியை வேண்டினார்கள். 1815இல் அவர் ஓர் அரிய உண்மையைக் கண்டார். நுண்ணிய துளைகளின் வழியே சுடர் ஊடுருவிச் செல்வதில்லை. துளையைச் சூழ்ந்த உலோகம் சூட்டைப் பறித்துக்கொள்வதால் சுடர் அங்கேயே நின்றுவிடுகிறது. சுடரைச் சுற்றிக் கம்பிவலை அமைத்து அவர் செய்த விளக்கு எண்ணற்ற தொழிலாளரின் உயிரைக் காத்தது. நம் வீட்டு அடுப்பின் பர்னரில் வரிசையாக அமைந்துள்ள சிறு துளைகளும் இந்த உண்மையைச் சார்ந்தே வேலை செய்கின்றன.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சன் ரசாயனப் பேராசிரியராக இருந்தார். இளமையில் ஆய்வுக்கூட வெடிப்பொன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் அவர். 1855இல் திறக்கப்பட்ட புதிய ஆய்வுக்கூடத்துக்கு, கரி படியாத, மிகுந்த வெப்பமுடைய சுடர் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. பல்கலைக்கழகக் கருவித் தொழிலாளரான பீட்டர் டெசாகா அவருக்குத் துணை நின்றார். சிறு துளை ஒன்றிலிருந்து வாயுவை வேகமாகப் பீறிடச் செய்தார்கள். அதைச் சூழ்ந்து ஒரு குழாயை நிறுத்தி, குழாயின் அடியில் காற்று நுழைய வழிவிட்டார்கள். பீறிடும் வாயு தன் வேகத்தாலேயே வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டும் குழாய்க்குள் கலந்து மேலே வந்து நீலச் சுடராக எரிந்தன. பாரடே முதலியோர் இத்திசையில் முன்பே முயன்றிருந்தாலும், செம்மையாக அமைந்தது இக்கருவியே. அதற்குக் காப்புரிமை பெற்றுப் பொருளீட்ட புன்சன் விரும்பவில்லை. உலகம் அதைத் தடையின்றிப் பயன்படுத்திக்கொண்டது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் கையாளும் புன்சன் பர்னர் அதுதான். வீட்டு அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தால், அதே கருவி படுத்த நிலையில் இருப்பதைக் காணலாம். பொத்தானுக்குப் பின்னே வாயு பீறிடும் சிறு துளை உண்டு. அதையடுத்துக் காற்று நுழையும் திறப்பு. பின்பு இரண்டும் கலக்கும் குழாய். முடிவில் துளைகள் நிறைந்த பர்னர். பாட்டி மூச்சுப் பிடித்து ஊதாங்குழலால் செய்த வேலையை, இந்தக் குழாய் ஓயாமல் தானே செய்துகொண்டிருக்கிறது.

இனி, அதில் எரியும் வாயு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். நிலக்கரி வாயுவைக் குழாய் பதித்த பெருநகரங்களுக்கே வழங்க முடியும். கணவாய்க்கு அப்பால் உள்ள ஊருக்கு அது எட்டாது. 1910ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் வால்டர் ஸ்னெல்லிங் என்ற ரசாயன அறிஞர், பெட்ரோலிலிருந்து ஆவியாகிப் போகும் பொருள்களை ஆராய்ந்தார். அவற்றுள் புரோப்பேன், பியூட்டேன் என்ற வாயுக்கள், ஓரளவு அழுத்தினாலே திரவமாகிவிடும் இயல்புடையவை என்பது புலப்பட்டது. திரவநிலையில் ஒரு லிட்டராக இருப்பது, விடுபட்டதும் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். பெரிய கூடத்தை நிரப்பும் வாயுவை ஓர் இரும்புக் கலத்தில் அடைத்து வண்டியில் ஏற்றி அனுப்பலாம் என்ற நிலை ஏற்பட்டது. குழாய் போகாத ஊருக்கும் வாயு அடுப்பு போக முடிந்தது இதனால்தான்.

அந்த வாயுவோடு புதியதோர் அபாயமும் கூடவே வந்தது. எரிவாயுக்கள் பலவற்றுக்கு இயற்கையில் மணமில்லை. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துத் தளத்தின் கீழே இயற்கை வாயு கசிந்து தேங்கியிருந்தது. மணமில்லாததால் ஒருவரும் அறியவில்லை. ஒரு மின்கருவியின் பொறியால் அது வெடித்தது. ஏறத்தாழ முந்நூறு மாணவரும் ஆசிரியரும் உயிரிழந்தனர். சில வாரங்களுக்குள், வாயுவில் துர்நாற்றப் பொருளைக் கலக்க வேண்டும் என்று அம்மாநிலத்தில் சட்டம் பிறந்தது. மற்ற இடங்களும் அதைப் பின்பற்றின. நம் சிலிண்டரில் உள்ள வாயுவுக்கு அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நாற்றம் தருவது, வேண்டுமென்றே கலக்கப்படும் மெர்க்காப்டன் என்ற பொருள். அந்த நாற்றம் வெறும் தொல்லையன்று. முந்நூறு உயிர்களின் விலையில் ஏற்பட்ட எச்சரிக்கைக் குரல்.

நம் நாட்டில் திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயுவை 1950களின் நடுவில் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனி விற்கத் தொடங்கியது. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. இருபது நாள் கழித்து, அக்டோபர் 22ஆம் நாள், பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயில் தன் முதல் 'இண்டேன்' இணைப்பைக் கல்கத்தாவில் வழங்கியது. மாவட்டத்துக்கும் அந்த நிறுவனத்தின் அடுப்புக்கும் ஒரே வயது என்பது நினைவில் வைக்கத்தக்க செய்தி. எனினும் இரண்டும் சந்திக்க நெடுங்காலம் ஆயிற்று. பல ஆண்டுகள் வாயு இணைப்பு நகரத்தாருக்கே உரியதாக இருந்தது. அங்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் பலர்.

இடைக்காலத்தில் சிற்றூர் அடுக்களையை மறந்துவிடாத நல்லோரும் இருந்தனர். தமிழரான ஜே. சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம், 1940களில் வார்தாவின் மகன்வாடியில் புகை குறைந்த மண்ணடுப்பு ஒன்றை உருவாக்கியது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை வகுத்து, கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லா அடுக்களை வேண்டும் என்று 1950களில் நூல் எழுதினார். அந்நூல் சென்னையில் வெளியாயிற்று. 1983ஆம் ஆண்டில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளைப் பரப்ப ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில், குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்து கண்ட முடிவுகளைக் கிர்க் ஸ்மித் என்ற அறிஞரும் அவருடன் உழைத்தவர்களும் வெளியிட்டனர். பின்னர் சென்னையில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் முதலியோர் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளிலேயே இத்தகைய அளவீடுகளைச் செய்தனர். வீட்டுப் புகை கண்ணைக் கரிப்பதோடு நில்லாமல் நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கிறது என்பது ஐயமறத் தெளிவாயிற்று.

2007ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச வாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 28.5 மட்டுமே வாயுவில் சமைத்தன. தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதிக் குடும்பங்கள் சமைத்தன. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. இவ்வாறு நீலச் சுடர் மலையடிவாரங்களையும் எட்டியது.

ஆனால் ஒன்றை இங்கே சிந்திக்க வேண்டும். விறகடுப்பைப் பற்றிய அறிவு தாயிடமிருந்து மகளுக்கு, ஆயிரம் ஆண்டுகளாகப் பழக்கத்தால் வந்தது. எந்த விறகு புகையும், எப்போது ஊத வேண்டும், சாம்பலில் கனலை எப்படிக் காக்க வேண்டும் என்பதெல்லாம் கையே அறிந்த செய்திகள். வாயு அடுப்போ ஒரே நாளில் வந்து இறங்கியது. அடுப்பு வந்த வேகத்தில், அடுப்பைப் பற்றிய அறிவும் உடன் வந்ததா? நம் முன்னுள்ள கேள்வி இதுவே. விடை கூற வேண்டியவர்கள் இளைஞர்களாகிய நீங்கள். பள்ளியில் பர்னரைப் பயின்றவர் வீட்டில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

முதலில் வாயுவின் எடையை நினைவில் கொள்ளுங்கள். சிலிண்டர் வாயு காற்றைப் போல் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் அது மேலே போகாது. நீரைப் போலத் தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். சிற்றூர் வீடுகள் பலவற்றில் வாயு அடுப்பும் விறகடுப்பும் ஒரே அறையில் இருக்கின்றன. காப்பிக்கும் அவசரச் சமையலுக்கும் வாயு. களிக்கும் வெந்நீருக்கும் விறகு. சிலிண்டரின் விலையை எண்ணிச் செய்யும் சிக்கனம் இது. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் விறகடுப்பு தரையில் இருக்கிறது. கசிந்த வாயுவும் தரையை நாடுகிறது. சாம்பலுக்கு அடியில் கனல் விழித்திருக்கிறது. ஆகவே, இரண்டும் வேண்டுமெனில் விறகடுப்பைக் கூரைக்கு வெளியிலோ தனியறையிலோ அமைப்பது உயிர்காக்கும் ஏற்பாடு. சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும்; குழியிலோ மூடிய அலமாரியிலோ வைத்தலாகாது. அடுப்பு சிலிண்டரைவிட உயரமான, சமமான மேடைமேல் இருக்க வேண்டும். களிப்பானை கனமானது, துடுப்பின் வேகத்தில் அடுப்போடு சாயக்கூடியது. மாவு வெந்ததும் பானையைத் தரைக்கு இறக்கிக் கிண்டுவதே நன்று.

அடுத்து, அழுத்தம். சிலிண்டருக்குள் வாயுவின் அழுத்தம், வெளிக் காற்றினுடையதைப் போலப் பல மடங்கு. ரெகுலேட்டர் என்ற சிறு கருவி அதைக் குறைத்து, வெளிக் காற்றின் அழுத்தத்தைவிட முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே கூடுதலாக இருக்கும்படி அடுப்புக்கு அனுப்புகிறது. கடைகளில் பயன்படும் உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் பொருத்துவது பெரும் பிழை. இணைக்கும் ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்போ எலிக்கடியோ தென்பட்டால் அன்றே மாற்ற வேண்டும். கசிவு உண்டா என்று பார்க்கச் சோப்பு நுரையைத் தடவினால் போதும். குமிழி எழுந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பது ஒருபோதும் கூடாது.

நாற்றம் வந்தால் என்ன செய்வது? விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு என்பதை டெக்ஸாஸ் நிகழ்ச்சி கற்பிக்கிறது. அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லாரும் வெளியேற வேண்டும். கனன்றுகொண்டிருக்கும் விறகடுப்பின் அருகே நாற்றம் மிகுந்திருந்தால், எதையும் செய்ய முற்படாமல் உடனே வெளியேறுவதே முறை. பிறகு, வெளியே நின்று 1906 என்ற அவசரத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். அடுப்பை மூட்டும்போது தீக்குச்சியை முதலில் கொளுத்தி, பின்பே பொத்தானைத் திருப்ப வேண்டும். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வதும், அதையே பிடிதுணியாகக் கொள்ளாதிருப்பதும் நல்ல பழக்கங்கள். இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டே உறங்க வேண்டும்.

இனி, சுடரின் நிறம். பியூட்டேன் ஒரு பங்கு முழுதும் எரிய, காற்று முப்பத்தொரு பங்கு வேண்டும். அதில் ஒரு பகுதி கலக்கும் குழாயில் சேர்கிறது. எஞ்சியது சுடரைச் சுற்றியுள்ள அறைக் காற்றிலிருந்து கிடைக்கிறது. எனவே வாயு அடுப்புக்கும் திறந்த சன்னல் தேவை. சுடர் நீலமாகவும் கூர்மையாகவும் இருந்தால் எல்லாம் ஒழுங்கு. மஞ்சளாகி நீண்டு ஆடினால், காற்று வழி அடைபட்டிருக்கிறது. பாத்திரத்தில் கரி படியும். மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். உப்பு நீர் பொங்கி வழியும்போது தோன்றும் கணநேர மஞ்சள் வேறு. அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். இவ்வாறு சுடரில் தோன்றும் நிறங்களை ஆராய்ந்தே 1860இல் புன்சனும் கிர்க்காபும் சீசியம் என்ற புதிய தனிமத்தைக் கண்டனர்.

பர்னர் ஆறிய பின் எடுத்து, சோப்பு நீரில் தேய்த்து, நன்றாக உலர்த்திப் பொருத்த வேண்டும். அடைபட்ட துளையை மெல்லிய ஊசியால் நீக்கலாம். ஆணியால் பெரிதாக்குதல் தவறு. துளை பெரிதானால் டேவி கண்ட காப்பு அழிந்து, சுடர் உள்ளே பின்வாங்கிப் 'பட்'டென்ற ஓசையுடன் குழாய்க்குள் எரியத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் உடனே அடுப்பை மூடி, ஆறவிட்டு, பழுது பார்ப்பவரிடம் காட்ட வேண்டும். வாயு பீறிடும் நுண்துளையை நாமே குடைவதும் ஆகாது.

பாதுகாப்பைப் போலவே சிக்கனமும் கணக்குக்கு உட்பட்டது. வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 10,800 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி நல்ல அடுப்பு அதில் நூற்றுக்கு 68 பங்கையேனும் பாத்திரத்துக்குத் தர வேண்டும். பழைய மூன்றுகல் அடுப்பு விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்கு மட்டுமே தந்தது. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வேண்டும்; அதற்குச் சுமார் பத்து கிராம் வாயு செலவாகும். கொதித்த பின்னும் சுடரைப் பெரிதாகவே விட்டால் என்ன ஆகும்? நீர் 100 பாகைக்கு மேல் சூடாகாது, ஆவியாகத்தான் போகும். ஒரு லிட்டர் நீர் முழுதும் ஆவியாக 540 கிலோ கலோரி வேண்டும். கொதிக்க வைத்ததைப் போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் இது. ஆகவே கொதி வந்ததும் சுடரைச் சிறிதாக்கிப் பாத்திரத்தை மூடுவதே சமையல் சிக்கனத்தின் உயிர்நாடி. பருப்பை முன்கூட்டி ஊறவைப்பதும், பாத்திரத்தின் அடிக்குள் அடங்குமாறு சுடரை வைப்பதும், சிறு பாத்திரத்துக்குச் சிறு பர்னரைக் கொள்வதும் இதன் கிளைகள். பிரெஷர் குக்கருக்குள் நீர் ஏறத்தாழ 120 பாகையில் கொதிப்பதால் பருப்பு விரைவில் வேகிறது. இதன் மூலக் கருவியை 1679ஆம் ஆண்டிலேயே தெனி பாப்பன் அமைத்துக் காட்டினார்.

இந்தச் சிக்கனம் வெறும் காசுக் கணக்கன்று. ஒரு சிலிண்டர் ஏழெட்டு நாள் கூடுதலாக வந்தால், அந்த ஏழெட்டு நாளும் ஒரு தாய் புகையில்லாமல் சமைப்பாள்; ஒரு சிறுமி விறகுச் சுமையின்றிப் பள்ளிக்குப் போவாள். விலைக்கு அஞ்சி மீண்டும் விறகடுப்புக்குத் திரும்பும் வீடுகளில், பர்னரைச் சுத்தமாக வைப்பதும் மூடியிட்டுச் சமைப்பதும் உடல்நலத்தைக் காக்கும் செயல்களே.

நெருப்பை மனிதன் கண்டது பழங்கதை. நெருப்புக்கு அளவறிந்து காற்றுக் கொடுக்கக் கற்றது அண்மைக்கால வரலாறு. சுரங்கத் தொழிலாளரின் சாவும், ஒற்றைக்கண் பேராசிரியரின் உழைப்பும், டெக்ஸாஸ் குழந்தைகளின் முடிவும் அதில் அடங்கியிருக்கின்றன. இன்று மாலை உங்கள் வீட்டு அடுப்பு எரியும்போது அருகே சென்று சுடரின் நிறத்தைப் பாருங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் படியுங்கள். சிலிண்டர் நிற்கும் இடத்தையும் சன்னலையும் கவனியுங்கள். குறை கண்டால் வீட்டாரிடம் காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். பர்னரைக் கழுவும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அடுக்களையின் புகையைப் பெண்களே இரண்டாயிரம் ஆண்டு சுமந்தார்கள். அடுக்களையின் அறிவையாவது எல்லாரும் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும்.